நாற்பத்தொன்றாம் எண்

அந்தத் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சீனியர்கள் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவார்கள். மாடிக் குழாயில் தண்ணீர் வராது. ஆஜர் மேடம் வகுப்பில் கேமராவை நம்பி உட்காராதே.

ஆஜர் மேடம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். புள்ளியியல் நடத்துகிறார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். இப்போது ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. உள்ளே நுழைகிற முகங்களை அது பார்த்து, அதுவே வருகை போட்டுவிடும். மற்ற ஆசிரியர்கள் நேராகப் பாடத்துக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் கைப்பையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பெஞ்சாக நடந்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுக் கூப்பிட்டு, எழுந்தவனின் முகத்தை ஒரு நொடி நின்று பார்த்து, அப்புறம்தான் டிக் அடிப்பார். ஐம்பது நிமிட வகுப்பில் பன்னிரண்டு நிமிடம் இதற்கே போய்விடும்.

"அதான் கேமரா பாத்துடுச்சே மேடம்!" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்.

"கேமரா பாத்துச்சு. நான் பாக்கலையே?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். நாற்பத்தொன்றாம் எண் வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். எழுந்து நிற்பவன் ஆறடி உயரம், தூணுக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான். அவன் "யெஸ் மேடம்" என்று கத்திய பிறகும் இன்னொரு தரம் கூப்பிடுவார்.

"மேடம், எனக்கு மட்டும் ஏன் ரெண்டு தடவ? நான் இவ்ளோ பெருசா நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று அவன் ஒருநாள் கேட்டேவிட்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேடம் "தெரியுதுப்பா, உக்காரு" என்றார். நோட்டில் அடித்த டிக் கோணலாகப் போயிருந்தது.

இந்த மனுஷிதான் ஒரு காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே கம்ப்யூட்டர் விஷயத்தில் கில்லாடி என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மவுஸைப் பிடிக்கக் கை நடுங்கிய பேராசிரியர்களைக்கூட உட்காரவைத்து, திட்டாமல், கிண்டல் பண்ணாமல் திரை வகுப்பு எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். பாடத்தை முன்கூட்டியே பதிவு செய்து நேரம் குறித்து வைத்தால் அது தானாகவே ஓடும் என்று முதலில் கண்டுபிடித்தவரும் இவர்தான். பெற்றோருக்கு மெசேஜ் போகிற ஏற்பாட்டையும் இவர்தான் கேட்டு வாங்கினார். பிள்ளை வந்தால், 'உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வந்திருக்கிறார்.' வராவிட்டால், 'வகுப்புக்கு வரவில்லை. உடனே விசாரிக்கவும்.' அந்த வாசகத்தை எழுதியதும் அவர்தான். முதலில் 'விசாரிக்கவும்' என்றுதான் எழுதினார். அப்புறம் யோசித்து 'உடனே' சேர்த்தார். அந்தச் சின்னச் சொல்லுக்காகத் துறைத் தலைவர் கூட்டத்தில் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அடுத்த தலைவர் நாற்காலி இவருக்குத்தான் என்று பேச்சும் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டடத்தில் பாதியை இடித்துப்போட்டிருந்தார்கள். இடமில்லை. அந்த ஆறு மாதமும் காலை ஒன்பது மணி வகுப்பு திரையில்தான். அறுபத்திரண்டு பேர் அறுபத்திரண்டு அறைகளில் இருந்தார்கள். முகத்தைக் காட்டமாட்டார்கள், இணையம் தாங்காது என்று ஒரு சாக்கு. மேடம் எண்ணைக் கூப்பிட வேண்டும், அவர்கள் 'பிரசென்ட் மேடம்' என்று தட்டச்சு செய்ய வேண்டும், மென்பொருள் அதைப் பார்த்து டிக் போட வேண்டும்.

அந்தப் பருவத்தின் நாற்பத்தொன்று ஒரு பெண். வெளியூர். தனியாக ஒரு மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தாள். விடியற்காலையில் ஜெராக்ஸ் கடை ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு அறைக்கு ஓடிவருவாள், அதனால் எப்போதும் ஐந்து நிமிடம் தாமதம். "நாற்பத்தொன்று... ஆங், வந்துட்டியாம்மா? குட்" என்று மேடம் சொல்வார். திரையில் 'பிரசென்ட் மேடம்' விழும், பக்கத்திலேயே மூச்சு வாங்குகிற ஒரு பொம்மை முகமும் விழும். அதைப் பார்த்தால் மேடத்துக்குச் சிரிப்பு வரும். அந்த ஆறு மாதத்தில் இருவருக்கும் இடையில் இருந்த உறவு அவ்வளவுதான். நேரில் பார்த்தால் அடையாளம் தெரிந்திருக்குமா என்று கேட்டால், தெரிந்திருக்காது.

அந்த வாரம் மேடம் வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டர்கள் பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் ஒரு கோட் அடித்துவிட்டு இரண்டு கோட் என்று சாதிப்பார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வீட்டில் இருந்தாக வேண்டும். சனிக்கிழமையே உட்கார்ந்து மூன்று பாடங்களையும் பதிவு செய்துவிட்டார். அதோடு விட்டாரா? வருகைக்கு எண் கூப்பிடுவதையும் சேர்த்துப் பதிவு செய்தார். ஒன்று... இடைவெளி. இரண்டு... இடைவெளி. நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று நாற்பத்தொன்றில், "ஆங், வந்துட்டியாம்மா? குட்" என்று நடித்தும் வைத்தார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! அந்த ஒரே பதிவை மூன்று பாடத்துக்கும் முன்னால் ஒட்டி, ஒன்பது மணிக்கு ஓடும்படி வைத்துவிட்டு, ஹாலுக்கு எந்த நிறம் என்று கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் வெளிர் நீலம்.

மூன்று நாளும் ஒரே குரல், ஒரே இருமல், நாற்பத்தொன்றில் ஒரே கொஞ்சல். ஒரு பிள்ளை கண்டுபிடிக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே கண்டுபிடிப்பார்கள்? வகுப்பில் ஏறக்குறைய எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் அப்போது ஒரு குட்டி புரோகிராம் இருந்தது. காலை ஒன்பதுக்குத் தானாக வகுப்பில் நுழையும். தன் எண் காதில் விழுந்ததும் 'பிரசென்ட் மேடம்' என்று தானாகவே போடும். எழுதியவன் அதே வகுப்பு மாணவன். எதற்கும் ஒரு மருந்து வைத்திருப்பான் என்பதால் அவனுக்குக் கம்பவுண்டர் என்று பெயர். மேடம் பெயின்ட் பார்த்தார், பிள்ளைகள் தூங்கினார்கள், வகுப்பு மட்டும் ஒழுங்காக நடந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, மோட்டார் ரிப்பேர் என்று சொல்வதற்காக வீட்டுக்கார அம்மா அந்த மாடி அறைக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை.

ஞாயிறு இரவே நல்ல காய்ச்சலாம். காலையில் எழ முடியாது என்று தெரிந்து, ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மடிக்கணினியில் கம்பவுண்டர் மருந்தைப் போட்டுவைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அப்புறம் எழவே இல்லை. உயிர் போனது புதன்கிழமை ராத்திரி என்று டாக்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை கொண்டுவந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

துக்கத்துக்குப் போன மேடத்திடம் வீட்டுக்கார அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "தெனமும் காலைல உங்க கொரல் மேல இருந்து கேட்டுதுங்க. 'வந்துட்டியாம்மா'ன்னு நீங்க கேட்டீங்க. சரி, பொண்ணு க்ளாஸ்ல இருக்கு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எறங்கி வந்துட்டேன்."

மேடம் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கம்பவுண்டர் வந்தான். கதவைச் சாத்திவிட்டு, "மேடம், அது நான் எழுதினது மேடம்" என்று சொல்லி அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்வதா, கன்னத்தில் அறைவதா என்று தெரியவில்லை. என்ன வாயால் திட்டுவது? அவனாவது வந்து சொல்லிவிட்டான். "போப்பா. யார்கிட்டயும் சொல்லாத" என்று அனுப்பிவைத்தார். அவனுக்காகச் சொன்ன மாதிரி இருந்தது. தனக்காகத்தான் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. வகுப்பின் பதிவேட்டைத் திறந்தால் திங்கள் 9:04, செவ்வாய் 9:04, புதன் 9:04. நாற்பத்தொன்று, பிரசென்ட் மேடம். மூச்சு வாங்குகிற பொம்மை முகம் மூன்று நாளும் இல்லை. தான் நேரில் வகுப்பில் இருந்திருந்தால் அது இல்லாததைக் கவனித்திருப்போமா? கவனித்திருப்போம் என்று ஒரு நாள் தோன்றும். மாட்டோம் என்று மறுநாள் தோன்றும். காபி ஆறிப்போகும். ஹாலில் உட்கார்ந்தால் எதிரே வெளிர் நீலச் சுவர். டிவியை நிறுத்திய கணத்தில் தன் குரலே காதில் விழும்: ஆங், வந்துட்டியாம்மா? குட். கட்டிலில் எழ முடியாமல் கிடந்த பெண்ணுக்கு அது கேட்டிருக்குமா? கேட்டிருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? பதில் சொல்ல வாயைத் திறந்திருப்பாளா? அதற்குள் மேசையிலிருந்து மெஷின் முந்திக்கொண்டிருக்கும். இந்த இடத்துக்கு வந்ததும் மேடம் எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். நீல அட்டை நோட்டு வாங்கியது அந்த நாட்களில்தான். ஒரு தடவை அந்தச் சுவரையே வேறு நிறம் அடித்துவிடலாமா என்று நினைத்தார். பெயின்டர்களைக் கூப்பிட வேண்டும் என்றதும் அந்த யோசனையையே விட்டுவிட்டார்.

ஒன்றரை வருடம் ஓடியது. அந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கும் நாள் நெருங்கியது. கம்பவுண்டர் முன்னால் நின்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுத்தான்: நாற்பத்தொன்றுக்கு நினைவுப் பட்டம் தர வேண்டும். அதற்கு விதி இருந்தது. ஐந்தாம் பருவம் வரை வந்திருந்தால் போதும், ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் முக்கால் பங்கு வருகை வேண்டும். மற்ற எல்லாப் பாடத்திலும் இருந்தது. புள்ளியியலில் அதுவரை நடந்த வகுப்புகள் அறுபது. வந்தது நாற்பத்தைந்து. கச்சிதமாக முக்கால். அந்த மூன்று நாளையும் சேர்த்து.

"ஒரு கையெழுத்துதானேம்மா? போட்டுடுங்க, புண்ணியமா போகும்" என்றார் துறைத் தலைவர். "அவங்க அப்பா வெள்ளிக்கிழமை வராராம். உங்களத்தான் பாக்கணும்னு சொன்னாராம்."

வியாழன் முழுக்க மேடம் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். போட்டுவிட்டால் அந்த அப்பாவுக்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு பட்டம் கிடைக்கும். கம்பவுண்டருக்குத் தூக்கம் வரும். தன் வண்டவாளமும் வெளியே வராது. ஆனால் அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் நன்றாகத்தான் இருந்தாள் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்ததாகிவிடும். போடாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தப்ப வழியில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். வெளியூர் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்தாராம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்ததும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பட்டம் விஷயமா..." என்று மேடம் ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும் மேடம். நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கோவிச்சுக்கக் கூடாது."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். எதையோ தேடிப் பிடித்து மேசைமேல், மேடத்தின் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று மெசேஜ். திங்கள், செவ்வாய், புதன். உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வந்திருக்கிறார்.

"அம்மா இல்லாத பொண்ணு மேடம். ஓட்டும்போது நான் போனத் தொடமாட்டேன். பத்து மணிக்கு டிப்போல எறங்கினதும் மொத வேலையா இதத்தான் பாப்பேன். வந்திருக்கான்னு இருந்தா சரி, நல்லாருக்கான்னு டீ குடிக்கப் போயிடுவேன். ஞாயித்துக்கெழம பேசும்போது கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு. காலைல கூப்பிடணும்னு நெனச்சேன். மெசேஜ் வந்துடுச்சு. கூப்பிடல." தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "டாக்டர் சொல்றாரு, அவ திங்கட்கெழமையே எந்திரிச்சிருக்க முடியாதுன்னு. இதுல வந்தான்னு போட்டிருக்கு. ஒன்றர வருஷமா ரெண்டையும் வெச்சுக்கிட்டு முட்டிக்கிறேன். நீங்கதான் க்ளாஸ் எடுத்தீங்க. நீங்க சொல்லுங்க. எம்பொண்ணு வந்தாளா? ஏதாவது பேசினாளா?"

பக்கத்து அறையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். ஆமாம், வந்தாள், நன்றாகப் படித்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனுஷன் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலங்க" என்றார் மேடம். "அது மெஷின் போட்ட பதில். உங்க பொண்ணு மூணு நாளும் வரல."

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லணும். நானும் வரலங்க. என் குரலப் பதிவு பண்ணி ஓடவிட்டுட்டு வீட்ல பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்தேன். கூப்பிட்டதும் மெஷின், பதில் சொன்னதும் மெஷின். நான் உக்காந்திருந்தா ஒருவேள..." மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திட்டுவார் என்று மேடம் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. டிரைவர் மூன்று மெசேஜையும் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் தம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"வரலன்னு போடுங்க மேடம்."

"போட்டா பட்டம் கெடைக்காதுங்க. மூணு நாள் கொறஞ்சா..."

"பட்டத்த நான் என்ன மேடம் பண்ணப்போறேன்? வரலன்னு போட்டிருந்தா ஏன் வரலன்னு யாராவது கேட்டிருப்பாங்க. அந்த வீட்டம்மா கேட்டிருக்கும். நான் கேட்டிருப்பேன். வண்டிய நடுரோட்ல போட்டுட்டு ஓடியாந்திருப்பேன்." "எம்பொண்ணு மூணு நாளு தனியா கெடந்தா. அத எங்கயாவது ஒரு எடத்துலயாவது எழுதி வைங்க. எல்லா எடத்துலயும் அவ நல்லாருந்தான்னே இருக்கு."

மேடம் கையெழுத்துப் போடாத தாளை இரண்டாகக் கிழித்தார். துறைத் தலைவருக்கு எழுத வேண்டியதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். தலைவர் நாற்காலி போனால் போகட்டும். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, பழைய பருவத்தைத் திறந்தார். நாற்பத்தொன்று. திங்கட்கிழமைக் கட்டத்தில் பச்சை டிக். அதை எடுக்க மென்பொருள் காரணம் கேட்டது. 'மாணவி உடல்நலமில்லாமல் தனியாக இருந்தார். ஆசிரியரும் வகுப்பில் இல்லை' என்று எழுதினார். செவ்வாய்க்கும் அதையே எழுதினார். புதனுக்கும் எழுதினார். கட்டங்கள் மூன்றும் சிவப்பாயின. சேமி என்று அழுத்தினார்.

வருகையில் எதை மாற்றினாலும் மென்பொருள் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பும். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவரே அதை மறந்துவிட்டிருந்தார்.

மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார்.

உங்கள் மகள் திங்கட்கிழமை வகுப்புக்கு வரவில்லை. உடனே விசாரிக்கவும்.

இன்னொரு தரம் அதிர்ந்தது, செவ்வாய்க்கு. மூன்றாவது மெசேஜ் வருவதற்குள் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கை தன்னால் சட்டைப் பையில் பஸ் சாவியைத் தேடியது. வாசலை நோக்கி வேகமாக இரண்டு எட்டு வைத்தார்.

அப்புறம்தான் நினைவு வந்து, கதவருகே அப்படியே நின்றார்.